வேலியோரம் இரண்டு முழம்

எங்கள் தெருவுக்குப் பட்டாணி என்று பெயர்.
அடுத்தது அவரை. அதற்கப்பால் உருளைக்கிழங்கு.
தார்த்து நகரின் தாழ்ந்த மூலை இது.
சூப்பூர் என்பார்கள், கேலியில்லாமல்.
பனி உருகியதும் ஆறு வந்து
நிலவறைப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

எனக்கும் ஆஹ்தோவுக்கும் நடுவே
யாருடையது என்று பத்திரமும் சொல்லாத
இரண்டு முழ நிலம்.
நான் பியோனி என்றேன்.
அவன் நாள் அல்லி என்றான்.
ஆளுக்குப் பாதி என்று முடிந்தது,
நடுவில் ஒரு ரொட்டிக்கத்தி அகலம் விட்டு.

ஜூனில் பத்தே நாள், என்னுடையது.
கோலிக்குண்டாய் இறுகிய மொட்டு,
அதன்மேல் ஓயாமல் எறும்பு.
பிறகொரு காலை
உள்ளே அத்தனை துணியா என்று கேட்கும்படி விரியும்.
நான் பல்செட் செய்கிறவள்.
அந்த இளஞ்சிவப்பு
ஈறுக்கு நான் உருக்கும் மெழுகின் நிறம்.
ஒரு மழை போதும், தலை சேற்றில்.
ஆனால் ஐம்பது வருடம் இருக்கும்,
என்னைத் தொடாதே என்றபடி,
வைத்த இடத்தில்.

அவனுடையது
பள்ளத்திலும் வரும், சரளையிலும் வரும்.
காலையில் திறந்த பூ
இரவு பத்துக்கு மூடிக்கொள்ளும்.
வெளிச்சம் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன்
(ஜூலையில் இங்கே சரியாக இருட்டுவதில்லை).
கேட்கவில்லை. அதன் கடிகாரம் வேறு.
மறுநாள் அதே தண்டில் இன்னொன்று,
நேற்றையது பக்கத்திலேயே
பிழிந்த கைக்குட்டையாய்த் தொங்க.

"பத்து நாளுக்காக வருடம் முழுக்கவா காத்திருப்பாய், லேலோ?"
"உன் பூவுக்கு முகம் பழகுவதற்குள் போய்விடுகிறதே."
"நான் பூவையா பார்க்கிறேன்?" என்பான்.
பால்வண்டி ஓட்டுகிறவன்.
விடியுமுன் பதினேழு பண்ணை,
எந்தப் பசு என்று கேட்டதேயில்லை.

மூன்றாம் கோடையில் குழாய் பதிக்க வந்தார்கள்.
கடிதம் முன்பே வந்திருந்தது.
மின்கட்டணம் என்று இருவரும் பிரிக்கவில்லை.
ஜூலை: பியோனியைப் பெயர்க்கவே கூடாத மாதம்.
இயந்திரத்தை மறித்து நின்று தோண்டினேன்.
கிழங்கை ஈரச்சாக்கில் சுற்றி
தென்சுவரோரம் குழி பறித்து
சாம்பல், எலும்புத்தூள்,
குளிருமே என்று மேலும் ஒரு கூடை மண்.

அவன் அல்லிக்கு யாருமில்லை.
இரும்புக் கை அதை அள்ளி
மண்மேட்டில் வீசியது, வேர் வானம் பார்க்க.
ஐந்தாம் நாள்
மல்லாந்து கிடந்த தண்டு
தன்னைத் தானே முறுக்கி நிமிர்த்தி
ஒரு பூ வைத்திருந்தது.
ஆறாம் நாள் இன்னொன்று.
எனக்குக் கோபம் வந்தது.
கொஞ்சமாவது துக்கப்பட்டிருக்கலாம்.

பிறகு மூன்று ஜூன்கள்.
என்னுடையதில் இலை, கொழுத்த பளபளத்த இலை.
மொட்டு இல்லை.
ரோஷக்காரி, என்று எல்லோரிடமும் சொன்னேன்,
சற்றுப் பெருமையாகவே.
அவனோ தன்னுடையதை மண்வெட்டியால் நாலாய்ப் பிளந்து
தபால்காரி வைகேவுக்குக்கூட ஒன்று கொடுத்தான்.

போன வாரம், செப்டம்பர்,
ஏதோ தோன்றி மண்ணில் கைவிட்டேன்.
கிழங்கின் கண்கள்
இரண்டு விரற்கடை ஆழத்தில் இருக்கவேண்டும்.
மணிக்கட்டுவரை போயும் தட்டுப்படவில்லை.
ரோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.
பூப்பதற்கு அதற்குக் குளிர் வேண்டும்.
அதைத்தான் மூன்று வருடமாய்
எட்டவிடாமல் போர்த்தி வைத்திருக்கிறேன்.

ஆஹ்தோ கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிது.
இருவருமாய்த் தூக்கினோம்.
தூங்கும் நாயின் கனம்.
குழியில் பாதி மண் தள்ளி, அளந்து வைத்தோம்:
இரண்டு விரற்கடை.

யார் விரல், என்றான்.
அவன் விரல் என்னுடையதைப் போல் ஒன்றரை.
அவனும் கையை நீட்ட, நானும் நீட்ட,
நடுவில் அந்தச் சிவந்த கண்கள்
மூடாமல் கிடக்க,
பேசிக்கொண்டே நின்றோம் இருட்டும்வரை.
செப்டம்பரில் இங்கே
சீக்கிரம் இருட்டிவிடும்.